ஆறு உறைந்து உடையக் கண்டவர்கள்



இன்று மாலை உங்கள் முன்னிலையில் நான் பேச எடுத்துக்கொண்ட பிரதேசம், நம்மில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்தின் மேல்விளிம்பில் கண்டு, அங்கே மனிதர் எவ்வாறு ஜீவிக்கின்றனரோ என்று ஒரு கணம் வியந்து, அத்தோடு மறந்துவிட்ட பிரதேசமாகும். வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள அலாஸ்காவில், கடற்கரைகளுக்கு வெகு தொலைவில், யூக்கான் என்னும் மாநதியும் அதன் துணைநதியாகிய டனனாவும் பாய்கின்ற உள்நாட்டையே குறிப்பிடுகிறேன். அதன் தலைமைப் பட்டணம் ஃபேர்பாங்ஸ். 1901ஆம் ஆண்டில் பார்னெட் என்னும் வணிகர், தாம் ஏறிவந்த நீராவிக் கப்பல் ஆழமின்மையால் மேற்செல்ல மாட்டாது நின்றுவிட, வேறு வழியின்றிச் சேனா நதிக்கரையில் தம் சரக்குகளை இறக்கிக் கடை வைத்தார். மறு ஆண்டு அதன் அருகே பெலிக்ஸ் பெட்ரோ என்ற இத்தாலியர் பொன் கண்டெடுத்தமையால், தற்செயலாய் முளைத்த கடை ஊராயிற்று. அவ்வூரில் 1934 ஜனவரியில் பதிவான குளிர், பூஜ்யத்திற்குக் கீழே 54 டிகிரி செல்சியஸ்.

இத்தகைய நிலத்தை ஒருவர் சகித்துக்கொள்ளலாம், பொன்னுக்காகவோ ஊதியத்துக்காகவோ சில ஆண்டுகள் பொறுத்திருக்கலாம். ஆனால் அதனை நேசிக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும் என்பதற்குச் சான்றாக வாழ்ந்தோர் பலர் இருக்கின்றனர். அவர்களுடைய அன்பு குளிர் என்னும் துன்பத்தைப் பொருட்படுத்தாமல் பிறந்ததன்று, அந்தக் குளிரினாலேயே விளைந்தது என்பதே நான் கூற வந்த செய்தி.

வடதேசத்தைப் பற்றி உலகம் கொண்டிருக்கும் சித்திரம் பெரும்பாலும் ஜாக் லண்டன் தீட்டியது. 1908இல் அவர் வெளியிட்ட ஒரு சிறுகதையில், அந்நாட்டுக்குப் புதியவனான ஒருவன், தனியே பயணம் செய்யாதே என்ற முதியவரின் சொல்லைத் தள்ளிவிட்டு, ஒரு நாயை மட்டும் துணையாகக் கொண்டு கொடுங்குளிரில் நடக்கிறான். நனைந்த கால்களைக் காய வைக்க அவன் மூட்டிய நெருப்பின்மேல் மரக்கிளையிலிருந்து பனி சரிந்து விழ, அவன் கதை முடிகிறது. அது மகத்தான கதை, அதில் ஐயமில்லை. எனினும் அதை எழுதியவர் யூக்கான் பிரதேசத்தில் தங்கியது ஓராண்டுக்கும் குறைவான காலமே. புதிதாக வந்தவனை அந்நாட்டார் செச்சாக்கோ என்பார்கள். ஆறு உறைவதையும் மறு வசந்தத்தில் அது உடைவதையும் அங்கேயே இருந்து கண்டவனைப் புளித்த மாவின் பெயரால் சவர்டோ என்பார்கள். இந்த இலக்கணப்படி லண்டனும் தேறிவிடுவார்தான். ஆயினும் அவர் கதையின் நாயகன் தேறவில்லை. உலகமோ அந்த நாயகனின் கண்கொண்டே இன்றளவும் வடதிசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருமுறை அல்ல, முப்பது நாற்பது முறை ஆறு உறைந்து உடையக் கண்டவர்களின் சாட்சியத்தை நாம் கேட்க வேண்டாமா?

அங்கே டிசம்பர் மாதக் கடைசியில், முற்பகல் பதினொரு மணியளவில் தெற்கு அடிவானத்தை ஒட்டி எழும் சூரியன், மேலே ஏற மனமில்லாதவன் போல அவ்வடிவானத்தின் மீதே சிறிது தூரம் சென்று, பிற்பகல் மூன்று மணிக்கு முன்பாகவே மறைந்துவிடுகிறான். ஊரோ மூன்று புறமும் குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. காற்று அசையாத நாட்களில் கனத்த குளிர்க்காற்று அடியிலே தேங்கிவிடுவதால், குன்றின் மேல் குடியிருப்போருக்கும் கீழே குடியிருப்போருக்கும் பத்து டிகிரிக்கு மேலும் வித்தியாசம் உண்டாகின்ற விந்தை நிகழும். பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரியை நெருங்கும்பொழுது, வண்டிகளின் புகையும், புகைபோக்கிகளின் ஆவியும், மனிதர் விடும் மூச்சும் கூட உடனுக்குடன் நுண்ணிய பனித்துகள்களாகி, தெருவின் எதிர்ப்புறம் தெரியாதபடி மூடுபனியாகக் கவிந்துவிடுகின்றன. மோட்டார் வண்டியின் என்ஜினைச் சூடாக வைத்திருக்க அதனுள்ளே ஒரு மின்சூடேற்றி பொருத்தி, அதன் கம்பியை வண்டியின் முகப்பில் தொங்க விட்டிருப்பார்கள். வண்டிகளை நிறுத்தும் இடங்களில் அதைச் செருகுவதற்கென்றே மின்முனைகள் இருக்கும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இரண்டு கதவுகள். ஒன்றை அடைத்த பிறகே மற்றொன்றைத் திறக்க வேண்டும். ஆண்டாண்டுக் காலமாக இளகாத உறைநிலம் அடியிலே இருப்பதால், கிணறு தோண்டுவதும் குழாய் பதிப்பதும் பல இடங்களில் அரிது. ஆகவே இக்காலத்திலும் குழாயற்ற மரக்குடில்களில் வாழ்ந்து, நகருக்கு வடக்கே ஃபாக்ஸ் என்னும் இடத்துப் பொது ஊற்றிலிருந்து பெரிய கலன்களில் நீர் கொண்டுவருவோர் இருக்கின்றனர்.

இவற்றையெல்லாம் குறைகளின் பட்டியலாக நான் கூறவில்லை. நீர் எளிதாகக் கிடைக்கும் இடத்தில் நீரை எவர் நினைக்கிறார்? வெளிச்சம் நாள்தோறும் ஒரே அளவில் வந்து போகும் தேசத்தில், இன்றைய பகல் நேற்றையதைவிட எவ்வளவு நீண்டது என்று எவர் கணக்கிடுகிறார்? பிப்ரவரியில் ஃபேர்பாங்ஸ்வாசிகள் கணக்கிடுகின்றனர். ஏனெனில் அப்பொழுது ஒவ்வொரு நாளும் ஆறேழு நிமிஷ நேரம் வெளிச்சம் கூடுகிறது. பிர்ச் மரத்தின் விறகு எப்படி எரியும், ஸ்புரூஸ் மரத்தின் விறகு எப்படி எரியும், எதனை முன்னிரவில் இடுவது, எதனைப் படுக்கைக்குப் போகும் முன் இடுவது என்பதை அங்கே சிறுவரும் அறிவர். குளிர் எந்தக் காரியத்தையும் நினைவின்றிச் செய்ய விடுவதில்லை; இடைவிடாது நினைக்கப்பட்ட பொருளின்மேல், நாளடைவில், மனிதனுக்கு அன்பு பிறந்துவிடுகிறது. மனிதர் மனிதரிடத்துக் கொள்ளும் அன்பும் அவ்வாறே. காட்டுப் பாதையில் தான் கட்டிய குடிலைவிட்டு வெளியே போகிறவன் கதவைப் பூட்டாமல், அடுப்பருகே உலர்ந்த சுள்ளிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போவது அந்நாட்டின் பழைய வழக்கம். விறைத்த விரல்களோடு வந்து சேரும் எவனோ ஒருவனுக்கு, தீக்குச்சி ஒன்றைக் கிழித்த மாத்திரத்தில் நெருப்பு பற்ற வேண்டும் என்பதே அதன் நோக்கம். வருகிறவன் யாரென்று வைத்தவனுக்குத் தெரியாது. வந்தவனும் தான் போகும்பொழுது விறகு வெட்டி வைத்துவிட்டே போவான்.

வானத்து அரோரா ஒளியைப் பற்றி நான் விரிவாகப் பேசப் போவதில்லை. அதைக் காண்பதற்கென்றே தேசாந்தரங்களிலிருந்து ஜனங்கள் வருகின்றனர். அதனைப் புகழ்வோருக்குக் குறைவில்லை. நூறு கிலோமீட்டருக்கு மேலான உயரத்தில் பிராணவாயுவின் அணுக்கள் உமிழும் அப்பசுமை, அவ்வூராருக்கு விறகு எடுக்க வெளியே வந்தபொழுது தலைக்கு மேலே தென்படும் காட்சி. எனக்கு அதனினும் பேராச்சரியம் பாதத்தின் கீழே இருக்கிறது. வில்லியம் புரூயிட் என்ற உயிரியல் அறிஞர், ஃபேர்பாங்ஸுக்கு அருகேயுள்ள காடுகளில் பனியின் ஒவ்வோர் அடுக்கையும் அளந்து ஆராய்ந்தவர். மேலே காற்றின் வெப்பம் பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரியாக இருக்கையில், முழங்காலளவு பனியின் அடியில், தரைக்கு அருகே, பூஜ்யத்தைவிடச் சில டிகிரியே தாழ்ந்திருக்கும். பூமியிலிருந்து எழும் வெப்பம் அடிப்பனியை உருமாற்றிப் பெரிய உதிரிப் படிகங்களாக்கி விடுவதால், அங்கே வளையெலிகளும் மூஞ்சூறுகளும் தங்குதடையின்றி ஓடித் திரிகின்றன. சருகின் கீழே கிடக்கும் காட்டுத் தவளையோ ஓடித் திரிவதுமில்லை. அதன் உடலிலுள்ள நீரில் பெரும்பகுதி பனிக்கட்டியாகிவிடுகிறது, இதயம் நின்றுவிடுகிறது, மூச்சும் இல்லை. கல்லீரல் சுரந்தளித்த சர்க்கரை மட்டும் உயிரணுக்களைக் காத்து நிற்கிறது. அவ்வூர்ப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் தவளைகளை அவை தாமே தேர்ந்த மறைவிடங்களிலேயே கவனித்து, 2014இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அவை ஆறு மாதத்துக்கு மேல் உறைந்து கிடந்து, பூஜ்யத்திற்குக் கீழே 18 டிகிரி வரையிலான குளிரையும் தாங்கி, வசந்தத்தில் ஒன்று தவறாமல் உயிர்த்தெழுந்தன. சில கிராம் எடையே உள்ள சிக்கடீ என்னும் கருந்தலைக் குருவி, இலையுதிர் காலத்தில் மரப்பட்டைகளின் இடுக்குகளில் விதைகளை ஒளித்து வைத்து, நீண்ட இரவில் தன் உடலின் உஷ்ணத்தையே பல டிகிரி தாழ்த்திக்கொண்டு விடியும் வரை தாக்குப்பிடிக்கிறது. இவற்றுக்கு நடுவே குடியிருப்பவன், குளிர்காலத்தை ஜீவனற்ற காலம் என்று எண்ண மாட்டான்.

இனி மார்கரெட் மியூரி அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1902இல் சியாட்டில் நகரில் பிறந்து, ஒன்பதாம் வயதில், 1911ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், யூக்கான் நதியில் துடுப்புச் சக்கரக் கப்பலேறித் தாயாருடன் ஃபேர்பாங்ஸ் வந்து சேர்ந்தார். அவருடைய மாற்றாந்தந்தை அங்கே அரசாங்க வழக்கறிஞர். மரக்கட்டைகளால் ஆன வீடு, குதிரைகளும் நாய்களும் இழுக்கும் சறுக்கு வண்டிகள், சுரங்கத் தொழிலாளர், மதுக்கடைகள். இவற்றுக்கிடையே வளர்ந்த அச்சிறுமி, 1924இல் அவ்வூர்க் கல்லூரியில் பட்டம் பெற்ற முதற் பெண்மணியானார். பின்னாளில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது அக்கல்லூரியே. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், யூக்கானின் கீழ்ப்பகுதியிலுள்ள ஆன்விக் என்ற சிற்றூரின் மரக்கட்டைத் தேவாலயத்தில், பொழுது புலரும் முன்னர், ஓலாஸ் மியூரி என்ற இளம் விஞ்ஞானியை மணந்தார். ஓலாஸ், காரிபு என்னும் வடநாட்டு மான்களின் வழித்தடங்களை ஆராய அரசாங்கம் அனுப்பியிருந்த அதிகாரி. ஆதலின் அத்தம்பதிகளின் தேனிலவு, கோயுகுக் நதியின் மேற்பகுதியில், நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியோடு, காரிபுக்களைத் தேடி ஐந்நூறு மைலுக்கும் மேலாக நடந்த பிரயாணமாக அமைந்தது.

1926இல் அவர்கள் மறுபடியும் புறப்பட்டபொழுது, ஒரு வயது நிரம்பாத மகனும் உடன் சென்றான். காட்டு வாத்துக்களின் காலில் அடையாள வளையம் பூட்டுவதற்காக ஓல்டு குரோ நதியில் மேல்நோக்கிச் செல்லும் வழியில் படகின் இயந்திரம் முறிந்துபோக, அவர்கள் திரும்பி வந்துவிடவில்லை. நீண்ட கழிகளை ஊன்றிப் படகைத் தள்ளியபடியே, கொசுக்கள் மேகமாய் மொய்த்த அந்தக் கோடையில், சேர வேண்டிய இடத்துக்குச் சென்று சேர்ந்தார்கள். கைக்குழந்தையை இப்படி இட்டுச்செல்வது பேதைமை என்று சிலர் கருதலாம். ஆனால் அவ்வம்மையார் 1962இல் வெளியிட்ட ‘டூ இன் த ஃபார் நார்த்’ என்ற நூலைப் படிக்கிறவர்கள், அதில் பேதைமையையோ வீரப்பிரதாபத்தையோ காண முடியாது. கூடாரத்தை எங்கே அடிப்பது, அடுப்பை எப்படி மூட்டுவது, ஈரத் துணியை எங்கே உலர்த்துவது என்பனவே அந்நூலில் பெரிய காரியங்கள். இயற்கையை வென்றேன் என்று மார்தட்டும் யாத்திரை நூல்கள் எத்தனையோ உண்டு; அவை எனக்கு உவப்பானவை அல்ல. போகுமிடமெல்லாம் குடித்தனம் நடத்திய ஒரு பெண்மணியின் நூல் இது. ஆகையினாலேயே வடதிசையைப் பற்றிய நூல்களில் இதனைத் தலையாயதாக வைக்கிறேன்.

ஆனால் அந்நிலத்தை முதன்முதலாக இல்லமாக்கிக்கொண்டவர்கள் மியூரி குடும்பத்தாரோ பொன் தேடி வந்தவர்களோ அல்லர். டனனா நதிப் பள்ளத்தாக்கில், ஃபேர்பாங்ஸிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தென்கிழக்கே, சுமார் 11,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட வீடொன்றின் சுவடுகளை 2010இல் அகழ்ந்து கண்டனர். அதன் நடுவிலிருந்த அடுப்பில் சால்மன் மீனின் எலும்புகள் கிடந்தன. அவ்வடுப்பிலேயே மூன்று வயதுக் குழந்தையொன்று எரியூட்டப்பட்டிருந்தது. மூன்றாண்டு கழித்து மேலும் தோண்டியபொழுது, அதன் கீழே செங்காவி தூவி, மான்கொம்பினால் செய்த கோல்களைப் பக்கத்தில் வைத்து அடக்கம் செய்யப்பட்ட இரு சிசுக்கள் வெளிப்பட்டன. குழந்தையின் சாம்பலை அந்த அடுப்பிலேயே விட்டு, குழிவான அவ்வீட்டை மண்ணிட்டு மூடிவிட்டு, அவ்வீட்டார் அகன்றுவிட்டார்கள். தாங்கள் உணவு சமைத்த அடுப்பைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுச் சென்ற அந்தத் தாய் தந்தையர் அந்நிலத்தைக் கடந்து சென்ற வழிப்போக்கர் என்று என்னால் எண்ண முடியவில்லை. அப்பிரதேசத்தில் இன்றும் வாழ்கின்ற கோயுகோன், குவிச்சின், டனனா முதலிய அத்தபாஸ்கன் குலத்தார், விலங்குகள் தம்மைப் பற்றி மனிதர் பேசுவதை அறியும் என்றும், வேட்டைக்குப் போகிறவன் கரடியைப் பற்றி ஆணவமாக ஒரு சொல்லும் சொல்லலாகாது என்றும் தம் மக்களுக்குக் கற்பிக்கின்றனர். நிலத்தைக் கூர்ந்து நோக்குதல் அவர்களிடத்தில் ஆசாரமாகவே நிலைபெற்றிருக்கிறது.

அன்பு உள்ளத்தளவில் நின்றுவிடாது காரியமாகவும் பரிணமித்த வரலாறு ஒன்றுண்டு. 1956ஆம் ஆண்டுக் கோடையில் மியூரி தம்பதிகள், இளம் விஞ்ஞானிகள் மூவரை உடன் அழைத்துக்கொண்டு, புரூக்ஸ் மலைத்தொடரின் தெற்கே இறங்கும் ஷீன்ஜெக் நதியின் கரையில் கூடாரமடித்துத் தங்கி, அங்குள்ள மலர்களையும் பறவைகளையும் ஓநாய்களையும் ஒவ்வொன்றாகக் குறித்தனர். அமெரிக்க உச்ச நீதிமன்றத்து நீதிபதி வில்லியம் டக்ளஸ் அங்கே வந்து அவர்களுடன் தங்கினார். 1960 டிசம்பரில் அரசாங்கம் அலாஸ்காவின் அந்த வடகிழக்கு மூலையில் 89 லட்சம் ஏக்கர் நிலத்தைக் காப்பு நிலமாக அறிவித்தது; 1980இல் இயற்றப்பட்ட சட்டம் அதனை ஏறத்தாழ இரு மடங்காக விரித்தது. 1998இல் மார்கரெட் அம்மையாருக்கு நாட்டின் தலைசிறந்த சிவிலியன் விருது அளிக்கப்பட்டது. 2003இல், நூற்றொரு வயதில், காலமானார்.

விருது பெற்றவரைச் சொல்லிவிட்டு, விலை கொடுத்தவர்களைச் சொல்லாமல் விடுவது தர்மமன்று. 1958இல் அமெரிக்க அணுசக்தி ஆணையம், அலாஸ்காவின் வடமேற்குக் கரையிலுள்ள தாம்ஸன் முனையில் அணுகுண்டுகளை வெடித்து ஒரு துறைமுகத்தை அகழ்ந்துவிடலாம் என்று திட்டமிட்டது. அணு விஞ்ஞானி எட்வர்டு டெல்லர் அதற்காக ஊர் ஊராகப் பேசினார். அண்மையிலுள்ள பாயிண்ட் ஹோப் கிராமத்து இனுப்பியட் மக்கள் எதிர்த்தனர். சுற்றுப்புறத்தை ஆராயப் பல்கலைக்கழகத்தின் வழியாக நியமிக்கப்பட்டவர்களில் இருவர், முன்னே நான் குறிப்பிட்ட புரூயிட்டும், தாவர அறிஞர் லெஸ்லி விரெக்கும். காற்றில் வந்து விழும் அணுக்கழிவு பாறைகளிலும் தரையிலும் வளரும் லைக்கன் பாசியில் தங்கும், பாசியைக் காரிபு மேயும், காரிபுவை மனிதர் உண்பர் என்ற சங்கிலியைப் பனியடியில் பாசி தேடும் மானைப் பல குளிர்காலம் பார்த்திருந்த புரூயிட் உணர்ந்திருந்தார். தாம் கண்ட உண்மைகளை மறைக்க இருவரும் மறுத்தனர். விரெக் விலகினார், புரூயிட்டின் பதவி நீட்டிக்கப்படவில்லை. 1962இல் திட்டம் கைவிடப்பட்டது. புரூயிட் கனடாவுக்குச் சென்று, அங்கும் மானிட்டோபாவின் பனிக்காட்டிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் கண்டார்; விரெக் ஃபேர்பாங்ஸை விட்டு அகலாமல், அலாஸ்காவின் மரங்களையும் செடிகளையும் பற்றிய பெருநூலின் ஆசிரியர்களுள் ஒருவரானார். 1993இல் அதே பல்கலைக்கழகம் இருவருக்கும் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

கோடையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மே மாதத்தில் பிர்ச் மரங்கள் சில நாட்களுக்குள் தளிர்த்து மலைச்சாரல் முழுதும் பசுமையாகிவிடும். ஜூனில் இருபத்தோரு மணி நேரத்துக்கு மேல் சூரியன் இருப்பான். அம்மாதத்து மிக நீண்ட பகலன்று, விளக்கேற்றாமலே நள்ளிரவில் பேஸ்பால் பந்தாட்டம் ஆடும் வழக்கம் 1906 முதல் உண்டு. ஆனால் அவ்வூராரின் உள்ளம் கோடையைவிட ஆறு உடையும் நாளையே அதிகம் எதிர்நோக்குகிறது. ஃபேர்பாங்ஸுக்குத் தென்மேற்கே டனனா நதிக்கரையிலுள்ள நெனானாவில், 1917ஆம் ஆண்டில், இருப்புப்பாதை போட வந்த பொறியாளர்கள் பனி எப்பொழுது உடையும் என்று பந்தயம் கட்டினர். அன்று முதல் ஆண்டுதோறும் உறைந்த ஆற்றின்மேல் மரத்தாலான முக்காலிக் கம்பமொன்றை நிறுத்தி, அதனைக் கரையிலுள்ள கடிகாரத்தோடு கயிற்றால் பிணைத்து வைக்கின்றனர். பனி நகர்ந்து கயிறு இழுபட்டதும் கடிகாரம் நின்றுவிடும். விளையாட்டாகத் தொடங்கிய இப்பதிவு, நூறாண்டு கடந்து, சீதோஷ்ண மாறுதலை ஆராய்வோர் நம்பும் ஆவணமாகிவிட்டது. வழக்கமாக ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ உடையும் பனி, 2019இல் ஏப்ரல் 14ஆம் நாளே உடைந்தது. அந்தப் பதிவேட்டில் அதைவிட முந்திய நாள் அதுவரை இருந்ததில்லை.

நிலமும் இளகி வருகிறது. உறைநிலத்தின் மேல் கட்டிய வீடுகள் ஒரு புறமாகச் சரிகின்றன, சாலைகள் அலையலையாக நெளிகின்றன, காட்டிலே கருமையான ஸ்புரூஸ் மரங்கள் வேர் பிடிமானமிழந்து சாய்கின்றன. இத்தனைக்குப் பிறகும் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கக்கூடும். வீட்டைத் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டி, ஒவ்வொரு தூணின் அடியிலும் திருகு ஜாக்கி வைத்து, தரை எந்தப் பக்கம் தாழ்ந்ததோ அந்தப் பக்கத்தைத் திருகி உயர்த்தி, மட்டம் பார்த்துச் சமன் செய்துகொள்ளுதல் அங்குள்ள குடும்பங்கள் பலவற்றுக்குப் பழகிய வேலையாகிவிட்டது. அடுத்த குளிர்காலத்துக்குரிய விறகையும் அவர்கள் இப்பொழுதே பிளந்து அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.